கேபினெட் சத்தம்

தரணி: ஒரே ஒரு கல்யாண வீடியோ, மாமா. வெட்டி ஒட்டனத முழு வீடியோவா எடுக்க காலைல எட்டு மணிக்கு கம்ப்யூட்டர்ல ரெண்டர் போட்டேன். மணி ரெண்டாவுது. பொண்ணு இன்னும் மணவறைக்கே வரல.

சம்பத்: வரும் வரும்... இன்னா அவசரம்?

தரணி: அவசரமே இல்ல. அந்தப் பொண்ணு புள்ள பெத்துக்கறதுக்குள்ள குடுத்துடலாம்னு பாத்தேன்.

சம்பத்: மெஷினு பழசாயிக்கினு போவுதுமே...

தரணி: எட்டு மாசம் ஆவுது. பழசுதான், கண்ணாடி போட்டு வுடணும். நாலரை கிகாஹெர்ட்ஸ் ஓட வேண்டிய ப்ராசஸர் ஒண்ணரைல ஓடிக்கினு இருக்குது. யாரு கை வச்சது? இந்த வீட்ல இருக்கறது புருஷன் பொண்டாட்டி ரெண்டே பேரு. எனக்கு அந்த இன்னொரு ஆள்மேலதான் சந்தேகம்.

சம்பத்: நான்தான். செட்டிங்ல போயி வோல்டேஜக் குறைச்சேன். ஸ்பீடையும் குறைச்சேன். சூடு தாங்கல.

தரணி: யாருக்கு?

சம்பத்: ப்ராசஸருக்கு. தொண்ணூறு டிகிரி போவுது.

தரணி: அய்யோ பாவம்! திருப்பதி வெயில்ல நான் வெந்துக்கினு இருக்கேன், ஒரு டம்ளர் மோர் கலக்கிக் குடுக்கல. அதுக்கு மட்டும் இன்னா ஒரு பாசம்...

சம்பத்: கிண்டல் பண்ணாத. வோல்டேஜ் கம்மியானா மெஷினுக்கு ஆயுசு கெட்டியாம்.

தரணி: வச்சிருந்து பேரப்பசங்களுக்கு எழுதி வைக்கப் போறியா? அளவா வோல்டேஜ் மட்டும் குறைச்சா சூடு குறையும், ஸ்பீடு அப்படியே இருக்கும். அத நானும் படிச்சிருக்கேன். நீ ஸ்பீடையே மூணுல ஒரு பங்கா நறுக்கி வச்சிருக்க.

சம்பத்: வோல்டேஜ் மட்டும் நெறைய குறைச்சப்போ ரெண்டு வாட்டி நீல ஸ்க்ரீன் வந்து நின்னுபோச்சு...

தரணி: ஓஹோ! அந்த முகூர்த்த ஃபைல் காணாமப் போனது உன் புண்ணியந்தானா? நான் நகரி கல்யாண வீட்டுக்காரங்ககிட்ட கரண்டு ஆபீசத் திட்டித் தீர்த்தேனே!

சம்பத்: கரண்டுன்னதும் ஞாபகம் வருது... இன்வர்ட்டரும் இன்னும் நெறைய நேரம் தாங்கும்.

தரணி: நம்மகிட்ட இன்வர்ட்டரே இல்ல மாமா.

சம்பத்: ...வாங்கும்போது.

தரணி: சரேலே, இருக்கட்டும். சூடு, ஆயுசு, இல்லாத இன்வர்ட்டர். அடுத்தது இன்னா?

சம்பத்: சத்தம்.

தரணி: இன்னா சத்தம்?

சம்பத்: கேபினெட் ஃபேனு, அந்தப் பொட்டிக்குள்ள சுத்தறது. கீ...னு. ஸ்ரீசிட்டி கம்பெனில எட்டு மணி நேரம் தகடு அடிக்கற பிரெஸ் மெஷினுங்க நடுவுல நின்னுட்டு வரேன். இங்க வந்து படுத்தாலும் கீ...னு. சூடு குறைஞ்சா ஃபேனு மெதுவா சுத்தும். சத்தம் அடங்கும்.

தரணி: அடங்குச்சா?

சம்பத்: ...கொஞ்சம்.

தரணி: அடங்குச்சுன்னா ஏன் வாரா வாரம் இன்னும் கீழ எறக்கற? நாலரை, மூணரை, ரெண்டு, ஒண்ணரை... அடுத்த வாரம் நான் தாலி கட்றத கையால வரைஞ்சி குடுக்கணுமா?

சம்பத்: உனக்கு நெஜமாவே கேக்கலியா அது?

தரணி: நான் ஹெட்போன் மாட்டிக்கினு மேளச் சத்தத்துல கெடக்கறேன். சரி, வீடியோ போனாப் போவுது, நிறுத்திடறேன். நீ செவுத்தப் பாத்து ஒக்காரு, கண்ண மூடு. நான் ஸ்பீட ஏத்தி எறக்கறேன். எதுல சத்தம் கம்மின்னு நீ சொல்லு, அங்கயே வுட்டுடறேன்.

சம்பத்: ஒக்காந்துட்டேன்.

தரணி: இப்போ?

சம்பத்: இருக்குது. கீ...

தரணி: இப்போ?

சம்பத்: குறைஞ்சிருக்கு. நல்லாவே.

தரணி: இப்போ?

சம்பத்: ஆங்... ஏறிடுச்சு. காதக் குத்துது. எறக்கு, எறக்கு.

தரணி: திரும்பிப் பாரு மாமா.

சம்பத்: இன்னா?

தரணி: செவுத்துல மெஷினு ஸ்விட்சப் பாரு. நீ கண்ண மூடனதுமே ஆஃப் பண்ணிட்டேன். மேல ஓடற ஃபேனையும் நிறுத்திட்டேன். இந்த ரூம்ல இப்போ எதுவும் ஓடல.

சம்பத்: ஆஃப்லதான் இருக்குது.

தரணி: டிவிய தெருவுக்கே கேக்கற மாதிரி வைக்கற. சோத்தாங்கை பக்கம் நின்னு கூப்ட்டா திரும்பறதில்ல. நான் கல்யாண வீட்டுக்காரங்கள மட்டுந்தான் கவனிச்சிப் பாப்பேன்னு நெனச்சியா?

சம்பத்: அடுத்த மாசம் கம்பெனில காது டெஸ்டு. தேறலன்னா பிரெஸ் லைன்லருந்து எடுத்துடுவாங்க. கான்ட்ராக்ட் ஆளுக்கு வேற எடம் எவன் குடுப்பான்?

தரணி: காதுல வச்சிக்க அடைப்பு குடுத்தாங்களே?

சம்பத்: வேர்க்குதுன்னு... பாதி நாளு பாக்கெட்லயே வச்சிக்கினேன்.

தரணி: பிரமாதம். உன் பாக்கெட்டுக்கு நல்லாக் காது கேக்கும்.

சம்பத்: திட்டு.

தரணி: திட்டல. நாளைக்குப் பத்து மணிக்கு காது டாக்டர்கிட்ட டோக்கன் வாங்கியிருக்கேன். வாங்கி நாலு நாளாச்சு. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. கிண்டல் பண்ணிக்கினே இருந்தா நீயே வாயத் தொறப்பன்னு பாத்தேன்.

சம்பத்: ...வரேன்.

தரணி: மெஷின பழையபடி ஏத்திடறேன். இனிமே கை வைக்காத. பாவம், அது இன்னா பண்ணுச்சு?

சம்பத்: ஒண்ணும் பண்ணல. அது எனக்கு மொத வாரமே தெரியும் தரணி. நீ பாகாலாவுக்கு உங்க அக்கா வீட்டுக்குப் போயிருந்தப்போ, கரண்டு ஒயரையே புடுங்கிப் போட்டுட்டு ஒக்காந்து பாத்தேன். அப்பவும் கேட்டுச்சு. சத்தம் எனக்குள்ள இல்ல, வெளியதான் இருக்குதுன்னு நெனச்சிக்க ஏதாச்சும் ஒண்ணு வேணும்ல... அதான் இத எறக்கிக்கினே இருந்தேன்.