டாக்டர் கிருபாசங்கரின் ஒப்புதலுக்காக

அது செரீங்க மெல்வின் தம்பி. பாஸ்வேர்டு போட்டு உள்ள போனா, பருத்தி ஆராய்ச்சி பண்ற நாகபுரிக்காரரும் தார்வாட்காரரும் நாம எழுதறதை அங்க இருந்தே படிக்கலாம், அவிய எழுதறதை நாம படிக்கலாம். புரிஞ்சுதுங்க. நாங் கேக்கறது வேற. நான் எழுதுனதை ஆராச்சும் எடுத்துத் தன்ற பேரைப் போட்டுக்கிட்டா, அது வெளிய தெரியுமுங்களா?

பேரும் தேதியும் கூடவே நிக்குமா. அதை அழிக்க முடியாதா? நீங்க செஞ்ச சாமானம், உங்களால கூடவா? கோவிச்சுக்காதீங்க. பீளமேட்டுல இருந்து மோடத்தைத் தூக்கிக்கிட்டு பஸ்சுல வந்திருக்கீங்க, உங்களைப் போயி இப்படிக் கேக்கறது எனக்கும் சங்கட்டமாத்தான் இருக்குது. இன்டர்நெட்டுங்கறது நம்மூருக்கு இப்பத்தான் வந்திருக்குது, ஆனா திருடறது பழைய வேலை பாருங்க.

லைன் கெடைக்கலீங்களா. செரி, அந்த மோடம் கத்தி முடிக்கட்டும். அதுக்குள்ள ஏன் கேக்கறேன்னு சொல்லிப்போடறேன்.

சோமனூருப் பக்கம் அரங்கசாமி அண்ணன் தோட்டத்துலதான் என்ற பருத்தி இருந்துச்சு. தத்துப்பூச்சி உழுந்துச்சுன்னா இலை ஓரமெல்லாம் சுருண்டு, செவந்து, கருகிப்போயிருமுங்க. அந்த வருசம் சுத்துவட்டாரமே கருகிக் கெடக்குது, நான் கலப்புச் சேத்து உண்டாக்குன ஒரு வரிசை மட்டும் பச்சைன்னு நிக்குது. இலையைத் தடவிப் பாத்தா பூனைக்குட்டியாட்டம் முடி. பூச்சி உக்கார எடமே இல்லை. வரப்புல உக்காந்து அழுதுபோட்டனுங்க, சந்தோசத்துல.

அடுத்த வருசம் நாகபுரியில மாநாடு. நானும் போயிருந்தேன். ஒருத்தரு மேடையேறிக் கட்டுரை படிக்கறாரு. என்ற செடி, என்ற கணக்கு, நான் எடுத்த படம். இலையைப் புடிச்சிருக்கற கையில என்ற வளையல் தெரியுது. பேரு மட்டும் அவரு பேரு. எல்லாரும் கை தட்டுனாங்க. நானும் தட்டுனேன், பக்கத்துல இருக்கறவங்க பாப்பாங்களேன்னு.

கேக்காம உடுவனுங்களா? கேட்டேன். ஆரு பேருல வந்தா என்ன, செடி ஒண்ணுதானேன்னாரு. அன்னையில இருந்து நான் ஆருகிட்டயும் ஒண்ணும் காட்டறதில்லீங்க.

இப்ப அந்தச் செடியோட வாரிசு ஒண்ணு, தண்ணியில்லாத மானாவாரிக் காட்டுலயும் காய் புடிச்சிருக்குது. இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது. இதுல ஏத்துனா அந்த நிமிசமே எல்லாரும் பாப்பாங்கன்னீங்க. அதுக்குத்தான் நான் ஒத்துக்கிட்டதே.

லைன் வந்திருச்சுங்களா. ஆமா, புவனான்னு என்ற பேரு நிக்குது. நானே ஏத்தறேன், இருங்க.

இதென்னங்க வருது? டாக்டர் கிருபாசங்கர் ஒப்புதல் குடுத்தாத்தான் வெளிய போகுமா? அவரு சொல்லித்தான் இப்படி வெச்சீங்களா. செரி, துறைத் தலைவருன்னா பாக்கத்தான் செய்வாரு. தார்வாட்காரருக்கும் இப்படித்தானுங்களா? இல்லியா. நாகபுரிக்கு? அவியளுக்கும் இல்லை. நம்ம ஆபீசுல மத்தவங்களுக்கு?

அப்ப என்ற பேருக்கு மட்டுந்தான் பூட்டு.

ஏன்னு நீங்க கேக்கலியா. கேட்டீங்களா. என்ன சொன்னாரு? புவனா எழுதறதுல தப்பு இருக்கும், நான் திருத்தோணும்னாரா. ம்.

தம்பி, அந்தப் பூட்டை எடுத்துப்போடுங்க. எல்லாருக்கும் இருந்தா எனக்கும் இருக்கட்டும், ஒருத்திக்கு மட்டும் என்னத்துக்குங்க? உங்களுக்கு ஏதாச்சும் வம்பு வந்தா நான் சொல்லித்தான் எடுத்தேன்னு சொல்லிப்போடுங்க. நான் எங்கயும் ஓடிப்போகலை. யோசிங்க, நான் ஒண்ணும் அவசரப்படுத்தலை.

எடுத்துட்டீங்களா. நல்லா இருப்பீங்க. எந்தப் பட்டனுங்க? இதா. அமுக்கிப்போட்டேன்.

போயிருச்சா? தார்வாட்ல இப்பத் தொறந்தா தெரியுமா? என்ற பேரோடயா?

கீழ ஸ்கூட்டரு சத்தம் கேக்குதுங்களா. டாக்டர் கிருபாசங்கர்தான், என்னையக் கூட்டிக்கிட்டுப் போக வாராரு. இந்தப் பேரெல்லாம் ஆபீசுலதானுங்க, கட்டுனவரை ஊட்டுல ‘ஏனுங்க’ன்னுதான் கூப்புடுவேன். நாகபுரியில மேடையேறிப் படிச்சவரும் அவருதான். நீங்க ஒயரைச் சுத்தி வையுங்க, நான் போயிக் கதவைத் தொறக்கறேன்.