மணிக்குத் தொண்ணூறு

பேசினா கை நின்னுடும்னு யாரு சார் சொன்னது? நீங்க பாட்டுக்கு உங்க வாட்ச்சை அமுக்குங்க, நான் பாட்டுக்குப் பேசுறேன். எனக்கு வாய் வேற, கை வேற. ஒண்ணு செய்றது இன்னொண்ணுக்குத் தெரியாது. ஸ்டூலை மட்டும் கொஞ்சம் இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்குங்க. அங்க உக்காந்தா பஞ்சு பறந்து மூக்குல ஏறி, நாளைக்கு வரைக்கும் தும்மிக்கிட்டே இருப்பீங்க.

பத்துக் காலர்தானே? சரி.

விரலா? அது ஒண்ணும் இல்ல சார். காலையில காய் நறுக்கும்போது கத்தி பட்டுடுச்சு. ஆமா, இடது கை ஆள்காட்டி விரல். காலரை ஊசிக்குத் தள்ளிக் குடுக்குறதே அதான். கட்டுப் போட்டிருக்குறதால இன்னைக்குக் கொஞ்சம் மெதுவாத்தான் வரும். வேணாம் சார், வேற நாள்லாம் வேணாம். மெனக்கெட்டு வந்திருக்கீங்க, இன்னைக்கே எடுத்துடுங்க.

ஒண்ணு ஆச்சு. அமுக்கிட்டீங்களா? அமுக்கினதும் அது அப்படியே ஆபீசுக்குப் போயிடுமா? அடேயப்பா. முன்னாடி வந்த சார் பென்சில்ல எழுதுவாரு. வழுக்கை சார்னு சொல்லுவோம், தங்கமான மனுஷன். தப்பா எழுதிட்டா அழிச்சு எழுதுவாரு. இதுல அழிக்க முடியாதா? முடியாதா. சரி சரி.

அவருதான் சார் ஒன்பது வருஷம் முன்னாடி இதே மாதிரி என் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்தாரு. எனக்கு அப்ப என்ன தெரியும்? பரீட்சை வைக்கிறாங்கன்னு நெனச்சேன். எவ நல்லாத் தைக்கிறாளோ அவளை சூப்பர்வைசர் ஆக்குவாங்கன்னு யாரோ கிளப்பி விட்டிருந்தாங்க. நானும் அதை நம்பி மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத் தச்சேன் பாருங்க, பேய் பிடிச்ச மாதிரி. ஒரு காலருக்கு முப்பத்தெட்டு செகண்டு. வழுக்கை சார் வாட்ச்சைத் தட்டிப் பாத்தாரு, ஓடுதா இல்லையான்னு. எனக்கு உச்சி குளுந்து போச்சு.

அதோட மூச்சு விட ரெண்டு செகண்டு சேத்தாங்க. நாப்பது. அப்ப மணிக்குத் தொண்ணூறு காலர். மறுநாள் காலையில கரும்பலகையில எழுதிட்டாங்க. எனக்கு மட்டும் இல்ல சார், இந்த ஹால்ல காலர் வைக்கிற அத்தனை பேருக்கும். தொண்ணூறைத் தொட்டா அந்த மணிக்கு முழுக்கூலி. எண்பத்தொம்பதுன்னா அரைக்கூலி. என் ஒருத்தி பவுசு, ஊருக்கே அளவாப் போச்சு.

அதுக்கப்புறம் எனக்குப் பேரே தொண்ணூறுதான். தொண்ணூறு வந்தாச்சா, தொண்ணூறு சாப்டாச்சா. அம்மா வச்ச பேரு சம்பளச் சீட்டுல மட்டும்தான் இருக்கு. மெயின் கேட்டுல போட்டோ மாட்டியிருக்காங்களே, பாத்திருப்பீங்க. அது நான்தான். ஒல்லியா, பல்லெல்லாம் தெரிய. கண்ணாடிச் சட்டம் போட்ட படம் சார் அது, அப்படியும் யாரோ ஒருத்தி கண்ணாடியை எடுத்துட்டு ரெண்டு கண்ணையும் ஊசியால குத்தி வச்சிருக்கா. நான் யார்கிட்டயும் சொல்லல. அவ மேல என்ன தப்பு?

இது நாலா அஞ்சா? நாலுதானா. கைக்குக் கணக்கே தெரிய மாட்டேங்குது இன்னைக்கு.

சூப்பர்வைசரா? நானா? நீங்க வேற சார். அதோ விசிலைக் கழுத்துல மாட்டிக்கிட்டு நிக்குதே, அந்தம்மா நான் சேந்தப்போ நூல் பிசிறு வெட்டிக்கிட்டு இருந்துச்சு. தையல்னா ஒரு பட்டன் கூட வைக்கத் தெரியாது. அதைத் தூக்கி மேல வச்சாங்க. மேனேஜர்கிட்ட நேராவே போய்க் கேட்டேன், எனக்கு என்ன குறைச்சல்னு. உன்னை மெஷினை விட்டு எழுப்பினா அந்தத் தொண்ணூறை யாரும்மா தைக்கிறதுன்னு கேட்டாரு. சிரிச்சுக்கிட்டே கேட்டாரு சார். நானும் பல்லைக் காட்டிட்டு வந்துட்டேன். வீட்டுக்குப் போனப்புறம்தான் புரிஞ்சது, சுமாரா தச்சிருந்தா இந்நேரம் நானும் விசில் ஊதிக்கிட்டு இருந்திருப்பேன்.

கோபம் இல்லாம இருக்குமா? இருக்கு. யார் மேல காட்டுறது, அதான் தெரியல.

கடைசி வரிசையில ஜன்னல் ஓரமா மஞ்சள் துப்பட்டா போட்டுக்கிட்டு ஒருத்தி இருக்கா பாருங்க. திரும்பாதீங்க சார், மெதுவாப் பாருங்க. என் தங்கச்சி. வயித்துல ஏழு மாசம். நான்தான் கூட்டிட்டு வந்து சேத்து விட்டேன், அக்கா இருக்கேன், பாத்துக்கிறேன்னு. எண்பத்திரண்டு வரைக்கும் வருவா. அதுக்கு மேல வயிறு இடிக்குது. அந்த விசில் அம்மா போய் அவ காதுகிட்ட நின்னுக்கிட்டு, உங்கக்கா கையைப் பாரு, ஒரே ரத்தம்தானே உனக்கும்னு கத்தும். காலையில இருந்து சொட்டுத் தண்ணி குடிக்க மாட்டா. குடிச்சா பாத்ரூம் போகணும், போனா அஞ்சு காலர் போச்சு. கால் ரெண்டும் வீங்கி செருப்புக்குள்ள போக மாட்டேங்குது.

ஒரே வீட்டுலதான் இருக்கோம். ரெண்டு மாசமா என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. சோத்தைப் போட்டுத் தட்டை நகத்தி வைப்பா, அவ்வளவுதான்.

ஆறா? நல்லா வருதா சார்? சொல்லக் கூடாதா. சரி, சொல்லாதீங்க.

புது மெஷின் வந்ததுல இருந்து எல்லாருக்கும் இதே பேச்சுதான். இது தானே நூலை வெட்டிக்குது, அதனால இனிமே கூடுதலாத் தைக்கலாம்னு மேல முடிவு பண்ணிட்டாங்களாம். எவ்வளவு கூடுதல்ங்கிறதைத்தான் நீங்க இன்னைக்கு என்கிட்ட அளந்துட்டுப் போறீங்க. தெரியும் சார். ஏன் என்னை மட்டும் அளக்குறீங்கன்னு அன்னைக்கே வழுக்கை சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். பின்வரிசையில போய் ஒரு தடவை அளந்திருந்தா எழுபத்தஞ்சு வந்திருக்கும். எழுபத்தஞ்சுங்கிறது மனுஷங்க தைக்கிற கணக்கு. தண்ணி குடிச்சுக்கிட்டு, இடுப்பை நிமித்திக்கிட்டுத் தைக்கிற கணக்கு.

குறையும்னுதான் சார் நெனைக்கிறேன். எனக்கும் நாப்பத்தொண்ணு ஆச்சு. விரல்ல வேற கட்டு. பழைய வேகமெல்லாம் எங்க இருக்கு.

இதான் கடைசியா? அதுக்குள்ள பத்து ஆயிடுச்சா?

இப்பச் சொல்லலாமில்ல சார். எவ்வளவு வந்திருக்கு?

இன்னொரு தடவை பாத்துச் சொல்லுங்க. கண்ணாடி போட்டுக்குங்க சார்.

முப்பத்திநாலா?

இருங்க. மூச்சு விட ரெண்டு. முப்பத்தாறு. மணிக்கு... நூறு. சரியா நூறு. ஆபீசுக்குப் போயிடுச்சா? போயிடுச்சு இல்ல. ஆமா, நீங்கதான் சொன்னீங்களே.

அழலை சார். பஞ்சு.

ஒரு மாசமா மெதுவாத் தைக்கப் பழகினேன் சார். சிரிக்காதீங்க, நெசமாத்தான். வீட்டுல ஒரு பழைய மெஷின் இருக்கு. நீங்க வரப்போறீங்கன்னு தெரிஞ்சதுமே தங்கச்சி ஒரு துண்டுச் சீட்டுல எழுதி என் தட்டுக்குப் பக்கத்துல வச்சா. ஒரே ஒரு நாள் மெதுவாத் தையேன்னு. கிழிஞ்ச துணியெல்லாம் எடுத்து வச்சுக்கிட்டு தினம் சாயங்காலம் உக்காருவேன். மெதுவா, மெதுவான்னு வாயால சொல்லிக்கிட்டே தைப்பேன். வரல சார். யோசிச்சு மெதுவாப் போனா தையல் கோணிக்குது, வேணும்னே செய்றேன்னு குருடனுக்குக் கூடத் தெரியும். யோசிக்காம விட்டா முப்பத்தெட்டு. இந்தக் கைக்கு ரெண்டே ரெண்டு விஷயம்தான் தெரியும், ஓடவும் நிக்கவும். நடக்கத் தெரியல. அதான் இங்க உக்காந்து இவ்வளவு நேரம் பேசினேன், பேச்சுலயாவது கொஞ்சம் தடுமாறாதான்னு.

ஆமா சார். காய் நறுக்கல. இன்னைக்குக் காலையில அந்தப் பழைய மெஷின்ல நானே வச்சேன், ஊசிக்கு அடியில. விரல் இல்லாட்டி எப்படி ஓடும்னு நெனச்சேன். இந்த நடுவிரல் இருக்கே, ரெண்டாவது காலர்லயே கத்துக்கிச்சு.

அவ ஒண்ணும் கேக்கல. ரத்தத்தைப் பாத்துட்டு ஓடி வந்து அவளே கட்டுப் போட்டு விட்டா. போட்டு முடிச்சுட்டு, வலிக்குதா அக்கான்னு கேட்டா. ரெண்டு மாசத்துக்கு அப்புறம் இன்னைக்குத்தான் அக்கான்னு கூப்பிட்டா சார்.

எழுந்திரிக்கிறீங்களா? ஒரே ஒரு உதவி. கரும்பலகையில எழுத நாளைக் காலைதானே ஆகும்? அப்ப இன்னைக்கு யார்கிட்டயும் சொல்லாதீங்க. பாருங்க, தலையைத் தூக்கி இங்கயே பாக்குறா. கையைக் காட்டிச் சிரிக்கிறா பாருங்க, பைத்தியக்காரி. சீக்கிரம் போங்க சார். அடுத்த காலர்க் கட்டு வந்துடுச்சு, கை தானா எடுக்குது.