முதுமாணியும் கால் ஆடும் கதிரையும்

பிள்ளைகளே, நேற்று கல்முனை பஸ்ஸில் எனக்கு முன்னால் விவசாயக் கந்தோரில் வேலை செய்யும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவரின் கையில் முதுமாணிப் பட்ட மேற்படிப்புக்கான விண்ணப்பம். அனுப்புவதற்கு நேற்றுத்தான் கடைசி நாள்.

“முதுமாணி முடிச்சும் உங்களுக்கு அதே கதிரதானே, ராத்தா?”

“ஓம் புள்ள, கால் ஆடுற அதே கதிரதான்.”

“சம்பளம்?”

“அது அசையவே இல்ல.”

“பிறகென்னத்துக்கு நான் ரெண்டு வருசம் மண்டைய உடைக்கணும்?”

“முந்தி நம்மட கந்தோர்ப் பெரியவர் செல்ற நெல்லத்தான் எல்லா வயலுக்கும் எழுதிக் குடுப்பன். படிச்ச பிறகு, பாலமுனை மண்ண நானே சோதிச்சிப் பாத்தன். அதுல உப்புக் கூடிப் போயிருந்திச்சு. உப்புத் தாங்குற வேற நெல்லு விதைக்கச் செல்லிட்டன். பெரியவர் இன்னும் முகங்குடுத்துக் கதைக்கிறல்ல.”

“விளைஞ்சிச்சா?”

“அல்ஹம்துலில்லாஹ், நல்லா விளைஞ்சிச்சு.”

“அப்ப பெரியவர் இனி என்னோடயும் கதைக்கமாட்டார்” என்று சிரித்தபடி, இளையவர் தபால் கந்தோரடியில் இறங்கினார்.