ஒன்று முதல் ஒன்றரை வரை

அன்று மதியம் பட்டறையில் நான்கு பேர் இருந்தோம்: நான், என் மகன், பதினாறு வயதுப் பேத்தி, தெருமுனை ஸ்டூடியோக்காரன். சாப்பாட்டு நேரம் என்பதால் லேத் மெஷின் நின்றிருந்தது.

பேத்தி நன்றாகப் பாடுவாள். வீட்டுக்குள் பாடியிருக்கலாம். ஸ்டூடியோக்காரன் வீடியோ எடுத்து இணையத்தில் போடக் கற்றுக்கொடுத்தான். முன்பின் தெரியாத ஆயிரம் பேர் எங்கள் வீட்டுப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார்கள். கண்டித்தால் எதிர்த்துப் பேசும் வயது. அதனால் நான் கண்டிக்கவில்லை. வேறொரு பெயரில் கணக்குத் தொடங்கி, அவள் வீடியோக்களுக்குக் கீழே தினமும் எழுதினேன். 'மண்வெட்டிப் பல்லை வெச்சுக்கிட்டு பாட்டு வேற.' 'இந்த மூஞ்சியை நாலு பேர் பாக்கணுமா?' கெட்ட வார்த்தை ஒன்றுகூட எழுதியதில்லை. என்னை அப்படி வளர்க்கவில்லை.

நான்கு மாதத்தில் பலன் தெரிந்தது. வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசினாள். பள்ளிக்கூடப் போட்டோவில் கடைசி வரிசையில் குனிந்து நின்றாள். பாட்டு நின்றது. போனை மட்டும் விடவில்லை. நான் எழுதியதையே திரும்பத் திரும்பப் படித்தாள். அடக்கம் வந்துவிட்டது என்று நிம்மதியடைந்தேன்.

ஸ்டூடியோக்காரன் சும்மா இருக்கவில்லை. அன்று அவளையும் கூட்டிக்கொண்டு வந்து, மகனிடம் போனை நீட்டினான்.

"அண்ணே, நேரத்தைப் பாருங்க. இவளைக் கேலி பண்ணி எழுதினது எல்லாமே மத்தியானம் ஒண்ணுலேருந்து ஒண்ணரைக்குள்ள. ஞாயித்துக்கிழமை ஒண்ணுகூட இல்ல. இங்க மெஷின் நிக்கிற நேரம் அதுதானே?"

மகனுக்கு எதுவும் மெதுவாகத்தான் ஏறும். "எங்கிட்டயே விடுகதை போடுறியா?" என்றான்.

"தாத்தா, உங்க போனைக் கொஞ்சம் குடுங்களேன்," என்றாள் பேத்தி. வாயை மூடாமல் கேட்டாள்.

"எழுதினவனே வந்து துப்பு சொல்றான் பாரு," என்றேன் மகனிடம். "மனசு உடைஞ்சு இவ அவன் கடையே கதின்னு கிடக்கணும், அதுக்குத்தான் எல்லாம். நீ நின்னு வேடிக்கை பாரு."

மகன் பெரிய ஸ்பேனரை எடுத்தான். முதல் அடி தோளில். இரண்டாவது காதுக்கு மேல். ஸ்டூடியோக்காரன் மெஷின் மேல் சாய்ந்து, இரும்புச் சுருள்கள் கிடந்த தரையில் சரிந்தான்.

மகன்தான் கொன்றான், பெரியவர் தடுக்கப் பார்த்தார் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்களாம். தவறு. இரண்டாவது அடியோடு அவன் ஸ்பேனரைப் போட்டுவிட்டு அழ ஆரம்பித்தான். ஸ்டூடியோக்காரனுக்கு மூச்சு இருந்தது. பேத்தியிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவளைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னேன். பெண்பிள்ளை பார்க்கக் கூடாது. அதன் பிறகு மூன்று முறை அடித்தது நான்.