கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கும் நாற்காலி ஒரு காலில் ஆடும். எத்தனை முறை சொல்லியும் அலுவலகத்தில் மாற்றித் தரவில்லை. அட்டையை மடித்து நானே முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறேன். அந்த அறையைப் பார்க்கப் போவதாகச் சொன்னீர்களே, உட்காரும்போது கொஞ்சம் கவனமாக உட்காருங்கள்.

பள்ளிகளில் உளவியலாளராக வேலைக்குப் போகவிருக்கும் முதுகலை மாணவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. அந்தப் பக்கம் மாணவர் ஒரு பிள்ளையோடு உட்கார்ந்து சோதனை செய்வார். அவர்களுக்கு அது கண்ணாடி, எனக்கு அது ஜன்னல். மாணவரின் காதில் ஒரு சின்ன இயர்போன் இருக்கும், என் மேஜையில் ஒரு பொத்தான். அதை அழுத்திக்கொண்டு நான் பேசினால் அவருக்கு மட்டும் கேட்கும். என் சகாக்களில் சிலர் அந்தப் பொத்தானிலிருந்து கையை எடுப்பதே இல்லை. இப்படிக் கேள், இப்போது சிரி என்று ஓயாமல் ஓதிக்கொண்டிருப்பார்கள். அவர்களிடம் படித்தவர்கள் காதில் குரல் வராத நாளில் திருதிருவென்று விழிப்பார்கள். நான் அதைத் தொடுவது அபூர்வம். மாணவரே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

மாணவர்களுக்குப் பட்டப்பெயர் வைக்கிற பழக்கமும் எனக்கு உண்டு. பிள்ளை என்ன சொன்னாலும் மண்டையை ஆட்டுகிறவன் ஒருவன் இருந்தான், அவன் தலையாட்டி. ஒரு தடவை அவன் ஆட்டிக்கொண்டிருந்தபோதே எதிரே இருந்த பையன் மேஜையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து மடியில் ஒளித்துக்கொண்டான். நான் பார்த்தேன், காத்திருந்தேன். கடைசியில் தலையாட்டியே கவனித்து, நயமாகப் பேசி அதை வாங்கிவிட்டான். வெளியே வந்ததும் அதை என் மேஜையில் வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். இன்று அவன் வேலை பார்க்கும் பள்ளியில் அவனைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள். அதைக் கேட்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கும்.

நீங்கள் விசாரிக்கும் மாணவிக்கு நான் வைத்த பெயர் கடிகாரம். கட்டைகளை அடுக்கும் சோதனையில் பிள்ளை எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று குறிக்க வேண்டும். அதில் அவள் புலி. ஆனால் ஸ்டாப்வாட்சை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டாள்.

"பிள்ளையப் பாரும்மா. வாட்ச் எங்கயும் ஓடிப்போயிடாது" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன்.

"பார்த்துட்டுத்தான் சார் இருக்கேன்" என்பாள்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. வந்தது நான்காம் வகுப்புப் பெண் பிள்ளை. வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று அவளுடைய டீச்சர் அனுப்பியிருந்தார். கண்ணாடிக்குப் பின்னால் ஆள் இருப்பதைப் பிள்ளையிடம் மறைக்கக் கூடாது என்பது எங்கள் விதி. கடிகாரம் விதியைத் தவற விடுகிறவள் இல்லை.

"அந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி எங்க சார் இருக்காரு. நான் ஒழுங்கா செய்யறேனான்னு பார்ப்பாரு."

"அவருக்கு நான் தெரிவேனா?"

"நல்லாத் தெரிவே."

பிள்ளை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு அடுக்க ஆரம்பித்தாள். கெட்டிக்காரப் பிள்ளை, கை சுறுசுறுப்பாக இருந்தது. ஒரு அமைப்பை முடித்ததும் கடிகாரம் குனிந்து நேரத்தை எழுதினாள். அப்போது பிள்ளை தன் முழுக்கைச் சட்டையின் இடது கையை முழங்கைக்கு மேல் ஏற்றினாள். உள்பக்கம் வட்ட வட்டமாகத் தீக்காயங்கள். சில ஆறியிருந்தன, சில புதியவை. கடிகாரம் நிமிர்வதற்குள் சட்டை இறங்கிவிட்டது.

என் விரல் பொத்தான் மேல்தான் இருந்தது. கையைப் பார் என்று சொல்லியிருந்தால் போதும், பார்த்திருப்பாள். ஆனால் அது நான் பார்த்ததாகத்தானே ஆகும்? அடுத்த பிள்ளையிடமும் அவள் வாட்சைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். பிள்ளை இன்னொரு முறை ஏற்றுவாள், அப்போது இவள் பிடித்துக்கொள்வாள் என்று காத்திருந்தேன். பிள்ளை மறுபடி ஏற்றவில்லை.

சோதனை முடிந்து கடிகாரம் என்னிடம் வந்தாள்.

"என்னம்மா பார்த்தே?"

"நல்லாப் பண்ணினா சார். கொஞ்சம் கூச்சம், அவ்வளவுதான்."

"வேற ஒண்ணும் இல்லையா?"

"இல்லையே சார்."

"திங்கக்கிழமை வரைக்கும் யோசிச்சிட்டு வா."

சந்தேகம் வந்த அன்றே குழந்தைகள் நலத்துறைக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது சட்டம். வகுப்பின் முதல் வாரத்திலேயே அதை நடத்துகிறவன் நான்தான். ஆனால் சோதனை செய்தவள் அவள், சந்தேகம் அவளுக்கு அல்லவா வர வேண்டும் என்று நினைத்தேன். வராந்தாவில் வந்து நின்றபோது வாசல் தெரிந்தது. பிள்ளையை அழைத்துப்போக மாமா வந்திருந்தார், அம்மாவின் தம்பி. சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, பிள்ளையின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். இருவரும் நடந்து போனார்கள்.

அன்று மாலை என் மனைவி, "என்ன, இன்னைக்கு ரொம்ப உற்சாகமா இருக்கீங்க?" என்று கேட்டாள். திங்கட்கிழமை கடிகாரத்திடம் அந்தக் காயங்களை எப்படி வெளிப்படுத்துவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல பாடமாக அமையும் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். மாமா இப்போது சிறையில் இருப்பது உங்களுக்குத் தெரியும்.

எனக்கு அழுகை வரவில்லை. ஒரே பக்கமாகப் படுத்து எழுந்தால் கை மரத்துப்போகுமே, அந்த மாதிரி இருந்தது. இன்னும் அப்படித்தான் இருக்கிறது. வகுப்பு எடுக்கிறேன், சாப்பிடுகிறேன், தூக்கமும் வருகிறது.

முதல் விசாரணையில், அவள் என்னிடம் எதையும் சொல்லவில்லை என்றேன். அது பொய் இல்லை. காயங்களைக் கவனிக்கத் தவறினாள் என்று அவளைப் படிப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஸ்டாப்வாட்சைத் திருப்பிக் கொடுக்க என் அறைக்கு வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"சார், நீங்க அந்தப் பக்கம்தானே இருந்தீங்க. உங்க கண்ணுக்கு ஏதாவது பட்டுதா?"

"இல்லம்மா."

"எதிர்லயே உட்கார்ந்திருந்தவ நான். நான்தான் சார் பார்த்திருக்கணும்."

ஆமாம் என்றேன். அவளிடம் சொன்ன இரண்டும் பொய்.

அவள் மேல்முறையீடு செய்திருப்பதால்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தேன், சொல்லவில்லை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவளும் இனி எந்தப் பிள்ளையின் முன்னாலும் வாட்சைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள். நான் இத்தனை காலம் கொடுத்த பயிற்சியில் இவ்வளவு ஆழமாகப் பதிந்தது வேறொன்று இல்லை. அதையும் அவளுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளை எந்தப் பக்கம் பார்த்துச் சட்டையை ஏற்றினாள் என்று கேட்டீர்கள். கடிகாரத்தின் பக்கம் இல்லை. நாற்காலியில் முழுதாகத் திரும்பி, ஊசி போட்டுக்கொள்ள நீட்டுவது போலக் கையைக் கண்ணாடிக்கு நேராக நீட்டினாள். கடிகாரம் எழுதி முடிக்கும் வரை அப்படியே வைத்திருந்தாள். நேராக என் முகத்தைப் பார்த்த மாதிரிதான் இருந்தது. ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் நான் தெரிய மாட்டேன், அது வெறும் கண்ணாடி. கண்ணாடியைக் கண்டால் பிள்ளைகள் தங்களைத்தானே பார்த்துக்கொள்வார்கள்.