கைகோத்து நின்ற வாக்கியம்

மேடையில் அமர்ந்திருக்கும் பள்ளி வாரியத்தாரே, நம்மை விட்டு மறைந்த ஆசிரியை லோர்னா பிக்ஸ்பி அம்மையாரின் கணவர் வெர்ன் அவர்களே, இறைச்சி ஆலையில் காலை ஷிப்டு முடித்த கையோடு வந்திருக்கும் பெற்றோரே, பிள்ளைகளே, வணக்கம். நான் டேல் க்ரூகர், இப்பள்ளியின் தலைமையாசிரியர்.

இருபத்தெட்டு ஆண்டுகள் நம் மூன்றாம் வகுப்புக்கு வாக்கியம் எழுதக் கற்றுக்கொடுத்தவர் லோர்னா. எப்படிக் கற்றுக்கொடுத்தார்? சிவப்பு மையாலா? இல்லை. பிள்ளைகள் கழுத்தில் ஆளுக்கொரு சொல் அட்டை. நடைக்கூடத்தில் கைகோத்து நின்றால் அது வாக்கியம். 'வேலியைத் தாண்டியது' என்று மட்டும் நின்றால், "யாரு தாண்டுனது? ஆள் வரலையே டீச்சர்!" என்று பிள்ளைகளே கத்துவார்கள். நிறுத்தாமல் நீண்டுகொண்டே போனால் வரிசை சாப்பாட்டுக்கூடக் கதவில் போய் முட்டும். எங்கே பிரிப்பது என்று முடிவு செய்வது முற்றுப்புள்ளி அட்டை வைத்திருப்பவர்தான்.

குவாத்தமாலாவிலிருந்து வந்த இஷ்செல் ஆறு மாதம் வாய் திறக்கவில்லை. அவளை இரண்டாம் வகுப்புக்கு இறக்க நான் படிவம் எழுதிவிட்டேன். லோர்னா விட்டாரா? "டேல், வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்தப் பேனாவை மூடி வைங்க" என்றார். முற்றுப்புள்ளி அட்டையை இஷ்செல் கழுத்தில் மாட்டினார்.

நான்கு நாள் அவள் வரிசையின் கடைசியிலேயே நின்றாள். வெள்ளிக்கிழமை நான் படிவத்தோடு போனேன். 'நாய் வேலியைத் தாண்டியது அப்பா துரத்தினார் அம்மா சிரித்தார்' என்று ஏழு பேர் ஒரே மூச்சாக நின்றார்கள். இஷ்செல் நடுவே புகுந்து, 'தாண்டியது' கையை 'அப்பா' கையிலிருந்து பிரித்தாள்.

"விட மாட்டேன் போ" என்றான் 'தாண்டியது' அட்டைக்காரன்.

"நாய்தான் போயிருச்சே. நீ எதுக்கு இன்னும் அப்பா கையைப் பிடிச்சிட்டு நிக்கிற?" என்றாள் இஷ்செல்.

வகுப்பே சிரித்தது. லோர்னா என் படிவத்தை வாங்கிப் படித்தார். "'பேச வராது எனத் தெரிகிறது.' யாருக்குத் தெரியுது, டேல்?"

ஆறு மாதத்தில் ஒரு முறையாவது அந்தக் குழந்தையின் பக்கத்தில் நான் உட்கார்ந்தேனா? இல்லை. பிள்ளைகள் முன்னாலேயே "எனக்குத்தான்" என்றேன். வெட்கமாக இருந்தது. படிவத்தைக் கிழித்தேன்.

இஷ்செல் இன்று எட்டாம் வகுப்பு. இந்த அவையில் இருக்கிறாள். ஆலைத் தொழிலாளர் சங்கத்தின் மனுக்களை எழுதிக்கொடுப்பவள் அவளே. இப்படி ஓர் ஆசிரியர் எத்தனை ஊர்களுக்கு வாய்த்தார்?

லோர்னா, உங்கள் பெயரால் சொல்கிறேன். இனி எந்தக் குழந்தையைப் பற்றியும், அதன் பக்கத்தில் உட்காராமல் நான் ஒரு வரி எழுதமாட்டேன். திங்கட்கிழமை காலை உங்கள் வகுப்பை நானே எடுக்கிறேன். பதவியில் நான் உங்களுக்கு மேலே இருந்தேன். வேலையை உங்களிடம் கற்றுக்கொண்டேன். அதை இந்த ஊரார் முன் சொல்வதில் எனக்குப் பெருமை.