உறை போட்ட கம்ப்யூட்டர்

சேரன்மகாதேவி பஸ்ஸில் என் முன் சீட்டில் இருந்த இருவரும், வீட்டை விட்டுப் போன ஒரு பையனைத் தேடிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவர் அவன் அப்பா, மற்றவர் தாய்மாமன்.

"நேத்து நானே அவன் கம்ப்யூட்டர்ல அந்தக் கார் விளையாட்டைப் போட்டுப் பாத்தேன், அத்தான். கொஞ்ச நேரத்துல அதுவா அணைஞ்சு, அதுவா திரும்ப எரியுது," என்றார் மாமன்.

"அவன்தாம்லே அணைக்கான். நான் போய் நிக்கும்போதெல்லாம் ஸ்கிரீன் கருப்பா கெடக்கும். விளையாடுதத மறைக்கான். அதான் பெல்ட்ட எடுத்தேன்."

"நேத்து அவன் வீட்டுலயே இல்லையே, அத்தான்."

பேட்டையில் இறங்க வேண்டிய நான் எழுந்திருக்கவில்லை. என் மகனுக்கும் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது.

"என்ன கோளாறாம்?" என்று அப்பா கேட்டார்.

"சூடு. அந்தப் பிளாஸ்டிக் உறை பின்னால சூட்ட வெளிய தள்ளுத காத்தாடிய அடைச்சுக்கிட்டு கெடந்துச்சு. கழட்டிட்டேன். இப்ப நல்லா ஓடுது."

"தூசி படும்னு நாந்தாம்லே கழட்ட விடல."

சேரன்மகாதேவி வந்தது. மாமன் எழுந்தார். அப்பா சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தார்.

"ஒவ்வொரு அடிக்கும் சொன்னாம்லே, 'நான் அணைக்கலப்பா'ன்னு."